மறு: முதுமை, ஆல்சைமர் ஆய்வுகளில் வரும் ‘இன்ஹிபிஷன்’ – தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

வேண்டாததை மனம் தள்ளிவைப்பதைத்தான் ‘இன்ஹிபிஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இழையில் இதுவரை வந்தவை: தடுப்பு, ஒடுக்கம், புறக்கணிப்பு, ஒதுக்கல், கவனத்தடுப்பு. ஆங்கிலத்தில் ஒரே பெயருக்குள் மூன்று வேலைகளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றுக்கும் முதலில் தனித்தனியாகப் பெயர் வைப்போம், பொதுச்சொல்லை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி. அதற்கு முன், இழையில் வந்த சொற்களைப் பற்றி.

> தடுப்பு என்றே வைக்கலாமே, தடுப்பூசி போல எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். கொசுத்தடுப்பு என்றால் கொசு வராமல் தடுப்பது. அப்படியானால் கவனத்தடுப்பு? கவனம் வராமல் தடுப்பது! நரம்பணு மட்டத்தில் காபா (GABA) போன்ற வேதிப்பொருள் நரம்பணுவைக் கிளம்பவிடாமல் செய்கிற வேலைக்குத் ‘தடுப்பு’ பொருந்தும். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

> ஒதுக்கல் – வேண்டாததை ஒதுக்குவது.

நல்ல சொல்தான். ஆனால் “இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்” என்றும் சொல்கிறோம், “அவரை ஒதுக்கிவிட்டார்கள்” என்றும் சொல்கிறோம். ‘கவன ஒதுக்கல் குறைபாடு’ என்று எழுதினால் பாதிப் பேர் கவனம் தருவதில் குறை என்றும், மீதிப் பேர் தள்ளிவிடுவதில் குறை என்றும் படிப்பார்கள். இந்த ஆய்வுகளின் வாதமே இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

புறக்கணிப்பை வேறொன்றுக்காகப் பத்திரப்படுத்த வேண்டும். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்த சிலர் தட்டின் இடது பாதியில் இருக்கும் சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுவார்கள். அந்த நிலைக்கு ‘இடப்பக்கப் புறக்கணிப்பு’ அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும்.

சரி, மூன்று வேலைகளுக்கு வருகிறேன். வயதானவர்களின் மறதிக்கும் தடுமாற்றத்துக்கும் நினைவின் அளவு சுருங்குவது மட்டும் காரணமில்லை, வேண்டாததைத் தள்ளும் திறன் தளர்வதும் காரணம் என்று 1988-இல் உளவியலாளர்கள் லின் ஹேஷரும் ரோஸ் சாக்ஸும் எழுதினார்கள். 1999-இல் சிந்தியா மேயுடன் சேர்ந்து அந்தத் திறனை மூன்றாகப் பிரித்தார்கள்: வேண்டாதது உள்ளே வராமல் பார்ப்பது, உள்ளே வந்து இனித் தேவைப்படாததை அகற்றுவது, முந்திக்கொண்டு வரும் பதிலை நிறுத்திவைப்பது.

முதலாவதற்கு ‘நுழைவுத் தடை’. 2005-இல் ஆடம் கஸாலி குழு செய்த ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகப் படங்களையும் இயற்கைக் காட்சிகளையும் மாறிமாறிக் காட்டி, “முகத்தை மட்டும் நினைவில் வையுங்கள், காட்சியை விட்டுவிடுங்கள்” என்றார்கள். வேண்டியதன் மேல் கவனம் கூட்டுவதில் முதியவர்கள் இளைஞர்களுக்குக் குறையவில்லை. விடச் சொன்ன காட்சிகளுக்கு மூளை காட்டும் துலங்கலைக் குறைப்பதில்தான் பின்தங்கினார்கள். கூட்டுவது ஒரு வேலை, குறைப்பது இன்னொரு வேலை. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். (ஆல்சைமரை ‘மறதிநோய்’ என்றே எழுதிப் பழகியதில் கவனம் என்ற பக்கமே நம் கண்ணில் படாமல் போனது தனிக் கதை.)

இரண்டாவதற்குக் ‘களைதல்’. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆல்சைமர் பெயர் சூட்டப்படக் காரணமான நோயாளி அவுகுஸ்தெ டேட்டர். 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலோயிஸ் ஆல்சைமர் அந்த அம்மாவிடம் கேட்டு எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. உங்கள் பெயர்? அவுகுஸ்தெ. குடும்பப் பெயர்? அவுகுஸ்தெ. கணவர் பெயர்? அவுகுஸ்தெ என்று நினைக்கிறேன். கணவர் பெயர் மறந்துபோனது ஒரு பக்கம். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் வேலை முடிந்த பின்னும் போகாமல் அடுத்தடுத்த கேள்விகளிலும் வந்து உட்காருகிறதே, அதைக் களைதல் நடக்கவில்லை என்று தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஐயம் களைதல், குறை களைதல் என்று ஏற்கெனவே புழங்குவதால் விளக்கமும் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: ‘களைகட்டல்’ என்று யாரும் நீட்டிவிட வேண்டாம். திருவிழா தொடங்கிவிடும்.

மூன்றாவதற்கு ‘அடக்கல்’. அடக்கம் என்றால் பணிவும் வரும், சுடுகாடும் வரும். அடக்கல் என்று வினைப்பெயராக வைத்தால் அந்த வம்பு இல்லை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையைத் தமிழில் நினைத்துப் பாருங்கள். ‘பச்சை’ என்ற சொல் சிவப்பு மையில் அச்சாகியிருக்கிறது. மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாய் ‘பச்சை’ என்று கிளம்பும், அதை விழுங்கிவிட்டு ‘சிவப்பு’ என்று சொல்ல வேண்டும். (நம்மூரில் செய்தால் ஊதாவைச் சேர்க்காதீர்கள். ஒரு வீட்டில் அது நீலம், அடுத்த வீட்டில் கத்தரிப்பூ நிறம்.)

ஸ்பீலர், பலோட்டா, ஃபவுஸ்ட் மூவரும் 1996-இல் இதே சோதனையில் கண்டது நமக்கு முக்கியம். நலமாக இருக்கும் முதியவர்களிடம் இடையூறு நேரமாகத் தெரிந்தது. பதில் சொல்ல இளைஞர்களைவிட அதிகமாக இழுத்தது. ஆல்சைமர் உள்ளவர்களிடம் அது பிழையாகத் தெரிந்தது. நிறத்துக்குப் பதில் சொல்லையே படித்துவிட்டார்கள். தாமதம் வேறு, வழுவல் வேறு. கண்ணை வைத்துச் செய்யும் சோதனையிலும் இதே சாயல்தான். ஒளிப்புள்ளி வலப்பக்கம் தோன்றினால் இடப்பக்கம் பார்க்க வேண்டும். ஆல்சைமர் உள்ளவர்கள் புள்ளியையே பார்ப்பது கூடுதல், பார்த்துவிட்டதை உணர்ந்து திருத்திக்கொள்வதும் குறைவு. இதையெல்லாம் ‘தடுப்புக் குறைபாடு’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் வாசகருக்கு எதுவும் போய்ச் சேராது.

வயதானால் எல்லாமே மெதுவாகிறது, அதைக் கழித்துவிட்டால் ஸ்ட்ரூப்பில் வயதுக்கென்று தனியாக எதுவும் மிஞ்சாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆகவே கலைச்சொல்லுக்குள்ளேயே ‘குறைபாடு’ என்ற முடிவைப் புதைக்காமல் இருப்பது நல்லது.

பொதுச்சொல்லுக்கு ‘விலக்கல்’ என்று முன்மொழிகிறேன். அடியுங்கள்.

— — —

ஐயா, வணக்கம். அடிக்கத்தான் வந்தேன். நினைவுத்திறன் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன்.

> பொதுச்சொல்லுக்கு ‘விலக்கல்’

அறிக்கையைத் தட்டச்சு செய்பவர் மூன்றாம் நாளே அதை ‘விலக்கு’ ஆக்கிவிடுவார். விலக்கு என்றால் வரிவிலக்கு, மதுவிலக்கு, இதெல்லாம் போக எங்கள் பக்கத்தில் மாதவிலக்கு. அறுபது வயது அம்மாவிடம் “உங்களுக்கு விலக்குத் திறன் குறைந்திருக்கிறது” என்று எப்படிச் சொல்வது? ‘விலக்கம்’ என்று மாற்றவும் முடியாது, திட்ட விலக்கம் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) அதே அட்டவணையில் பக்கத்திலேயே நிற்கும். இலங்கையில் படித்த தோழி ‘நிரோதம்’ என்கிறார், அவர்கள் பாடநூல்களில் நொதியைத் தடுப்பது நிரோதி. தமிழ்நாட்டில் அதைச் சத்தமாகப் படித்தால் அரசு ஆணுறையின் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

களைதலும் அடக்கலும் பிரமாதம். அடக்கலுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு, ஹெய்லிங் சோதனை: “காலையில் எழுந்து பசுவிடம் ... கறந்தார்” என்று படித்துக்காட்டி, பொருந்தாத ஒரு சொல்லைப் போடச் சொல்வோம். குடை, நாற்காலி, எதுவானாலும் சரி. ‘பால்’ என்று வந்துவிட்டால் அடக்கல் தவறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இதைச் செய்யலாம். ஸ்ட்ரூப் அவர்களிடம் செல்லாது. படிப்பு தானாக ஓடினால்தானே குறுக்கே வரும்?

இன்னொன்று. உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கான தாளில் இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். “டிவி ஓடும்போது பேசினால் பதில் வருகிறதா? நிறுத்திவிட்டுப் பேசினால்?” என்று கேட்டாலே போதும்.

— — —

அம்மா, மாதவிலக்கு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ‘விலக்கல்’ போகட்டும். ‘புறந்தள்ளல்’ எப்படி? தள்ளுபடியோடு குழம்பாது, ‘புறந்தள்ளல் திறன்’ என்று நீட்டவும் வளைகிறது. தலைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, உள்ளே நுழைவுத் தடை, களைதல், அடக்கல் என்று தனித்தனியாக எழுதலாம். பார்த்த இடத்துக்கே கண் உடனே திரும்பாமல் இருப்பதற்கு ‘மீள்நோக்குத் தடை’ என்று தனியே வைப்போம். அது ஆல்சைமரிலும் பெரும்பாலும் தப்பிவிடுவதால் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘நெகட்டிவ் பிரைமிங்’ (சற்றுமுன் தள்ளிவிட்ட ஒன்றுக்கே அடுத்துப் பதில் சொல்ல வேண்டி வந்தால் தாமதமாவது) பாக்கி இருக்கிறது. ‘எதிர்மறை முன்னூட்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டுக் குழப்ப வேண்டாம்.