68010 போட்டால் பழைய கேம் படுப்பது யார் தப்பு?

பழையசில்லு:
கமடோரின் அமிகா 500 கணினியில் மோட்டோரோலாவின் 68000 பிராசஸரைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் அடுத்த சில்லான 68010 போடலாம், 64 காலும் அப்படியே பொருந்தும், கிக்ஸ்டார்ட்டும் (அமிகாவின் ஆரம்ப ராம் மென்பொருள், ROM) ஒழுங்காக எழும். ஆனால் சில பழைய கேம்கள் குரு மெடிட்டேஷன் என்ற அமிகாவின் கிராஷ் திரையில் 00000008 காட்டிப் படுத்துவிடும். காரணம் மூவ் எஸ்ஆர் என்ற ஒரே கட்டளை. பிராசஸரின் நிலையை வைத்திருக்கும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை (எஸ்ஆர்), சாதாரண புரோகிராம் ஓடும் யூசர் மோடிலேயே படிக்க 68000 விட்டது, 68010ல் அது சிஸ்டம் ஓடும் சூப்பர்வைசர் மோடுக்கு மட்டும். கொடுத்த உரிமையை மோட்டோரோலா பாதியில் பிடுங்கிக்கொண்டது, கேம் எழுதியவரைத் திட்டி என்ன பயன்?

நாலாம்பிட்:
வருடத்தைப் பாருங்கள். 68010 வந்தது 1982, அமிகா 1985. அமிகா சிஸ்டத்தின் மையமான எக்ஸெக்கில், அந்த ரிஜிஸ்டரின் கண்டிஷன் கோடுகளைப் படித்துத் தர கெட்சிசி என்று ஒரு ஃபங்ஷனே கமடோர் வைத்திருந்தது, எந்தச் சில்லுக்கு எந்தக் கட்டளை என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கூப்பிடச் சோம்பல், அவ்வளவுதான்.

பழையசில்லு:
சோம்பலா? ஒரே கட்டளையில் முடிகிற வேலைக்கு லைப்ரரிக்குள் போய்வர வேண்டுமா, சைக்கிள் எண்ணி எழுதிய காலம் அது.

டிராப்வெக்டர்:
மோட்டோரோலா சும்மா பிடுங்கவில்லை. அந்த ரிஜிஸ்டரில் இப்போது எந்த மோடு என்று சொல்லும் எஸ் பிட் இருக்கிறது, அதை யூசர் மோடில் படிக்க முடிந்தால், சூப்பர்வைசரில் ஓடுவதாக நம்பவைக்கப்பட்ட சிஸ்டம் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடும், அப்புறம் மெய்நிகர் இயந்திரம் எங்கே செய்வது? கணினி விஞ்ஞானிகள் போப்பெக்கும் கோல்ட்பர்க்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கு 1974லேயே சொன்ன நிபந்தனை. பதிலுக்கு 68010ல், கண்டிஷன் கோடுகளை மட்டும் யூசர் மோடில் படிக்க மூவ் சிசிஆர் கொடுத்தார்கள். டி0 என்ற ரிஜிஸ்டருக்குப் படிக்க பழைய கட்டளையின் ஹெக்ஸ் எண் 40சி0, புதியது 42சி0, ஒரு பிட்தான் வித்தியாசம். அதனால் ஒரு குட்டி புரோகிராம் எட்டாம் எக்ஸெப்ஷனை (உரிமை மீறலுக்கான குறுக்கீடு, குரு காட்டும் அதே 8) பிடித்து, அந்த பிட்டை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் போதும்.

பழையசில்லு:
அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்ச்சிலிருந்து ஓடுகிறவற்றுக்குப் போதும். சொந்த டிஸ்கில் பூட் ஆகும் கேமுக்கு அதை எப்போது ஏற்றுவது?

நாலாம்பிட்:
சிஸ்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு மெஷினை முழுசாக எடுத்துக்கொண்ட கேமுக்கு சிஸ்டம் எப்படிக் காவல் நிற்கும்?

பழையசில்லு:
சரி, கேமை விடுங்கள். அதே 68000 இருந்த அடாரி எஸ்டி கணினியின் சிஸ்டமான டாஸ் (TOS, மைக்ரோசாஃப்ட் டாஸ் இல்லை) என்ன செய்தது? சிஸ்டத்தை அழைக்கும் ட்ராப் கட்டளை வந்தால், திரும்பிவர வேண்டிய விவரமாக 68000 ஸ்டாக்கில் 6 பைட் வைக்கும், 68010 வைப்பது 8. ஆரம்ப டாஸ் 6 என்றே நம்பி, சூப்பர்வைசரிலிருந்து வரும் அழைப்பின் பாராமீட்டரைத் தப்பான இடத்தில் தேடும். அதை எழுதியது சிஸ்டம்காரர்கள்தானே, அதுவும் நீங்கள் சொன்ன அதே 1985ல்?

நாலாம்பிட்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர்களும் பிறகு லாங்ஃப்ரேம் என்று ஒரு வேரியபிள் வைத்துத்தான் சமாளித்தார்கள். ஆனால் நான் பேசியது அமிகாவைப் பற்றி.