பொன்டூனா, பௌரைடரா? ஒன்டாரியோவில் முதல் போட் வாங்கும் எங்கட ஆக்களுக்கு

தம்பி, முதல் போட்டாக இதில் எதை வாங்கலாம் என்று கேட்டு, வீட்டில் அம்மம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கினம், கோடையில் மச்சான் குடும்பமும் சேரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் பொன்டூன் பக்கம்தான்.

பொன்டூன் என்றால் அலுமினியக் குழாய்களுக்கு மேலே தட்டையான தளம், சுற்றிவரக் கம்பி வேலி, ஒரு கேட். கரையில் படகு கட்டும் மேடையோடு ஒட்டிக் கட்டினால் முழங்கால் நோ உள்ளவர்களும் நேரே நடந்து ஏறலாம். பௌரைடர் என்றால் முன்பக்கத்திலும் சீட் உள்ள வேகப் படகு. அதில் விளிம்பைத் தாண்டி, சீட்டில் கால் வைத்து, உள்ளே இறங்கவேணும். வயதானவர்களுக்கு அதுதான் பெரிய கரைச்சல். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் டியூப், ஸ்கீ என்று இழுபட ஆசைப்பட்டால் பௌரைடரின் வேகமும் திருப்பமும் தனி.

அடுத்தது, எந்த ஏரி? சிம்கோ பரந்த திறந்த ஏரி. காற்று எழும்பினால் கொஞ்ச நேரத்திலேயே குட்டையான, செங்குத்தான அலைகள் நெருக்கமாக வரும். பௌரைடரின் V வடிவ அடிப்பக்கம் அலையை வெட்டிக்கொண்டு போகும். இரண்டு குழாய்ப் பொன்டூனின் முன்பக்கமோ அலைக்குள் குத்தும், தண்ணி தளத்துக்கு மேலே ஏறும். முன்னுக்கு எல்லாரும் கூடி இருந்தால் இன்னும் மோசம். ஆகவே சிம்கோதான் என்றால் மூன்று குழாய் உள்ள டிரைடூன் பாருங்கோ. பிஜன், பக்ஹோர்ன் போன்ற கவர்த்தா ஏரிகளுக்கு இரண்டு குழாயே காணும். ஆனால் இந்த ஏரிகளை இணைக்கிற ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் லொக்குகளுக்குள் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டிகள்) போகும்போது பக்கக் காற்று பொன்டூனைத் தள்ளும். மெதுவாக, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கோ.

பழைய பௌரைடர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்கவேணும். பலதில் எஞ்சின் உள்ளுக்குள் இருக்கும். உறைபனிக்கு முதல் அதில் நிற்கிற தண்ணியை வடிக்காவிட்டால் எஞ்சின் புளொக் வெடித்துப்போம். ஒவ்வொரு குளிர்காலமும் செய்த வேலையின் பில்லைக் கேளுங்கோ. இல்லையென்றால் மெக்கானிக் பார்க்காமல் காசு குடுக்காதேங்கோ. அப்படியான எஞ்சினை ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ண முதலும் புளோவரை (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) நான்கு நிமிடமாவது ஓடவிடவேணும், உள்ளே பெற்றோல் ஆவி தேங்கி நிற்கலாம். பொன்டூனில் பெரும்பாலும் பின்னுக்கு வெளியே பூட்டுகிற அவுட்போர்ட் எஞ்சின்தான். நிமிர்த்தி வைத்தால் தண்ணி தானாக வடியும்.

எதை வாங்கினாலும் ஓடுகிறவருக்கு ஒப்பரேட்டர் கார்ட் (போட் ஓடத் தகுதி காட்டும் அட்டை) வேணும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். எஞ்சின் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் போட்டுக்கு லைசென்ஸ் இலக்கம் எடுக்கவேணும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கவேணும். எங்கட சனத்தில் நீந்தத் தெரியாதவர்கள் கனபேர், அதனால் சீட்டுக்குக் கீழே வைக்காமல் போடப்பண்ணுங்கோ. குடித்துவிட்டு ஓடிப் பிடிபட்டால் கார் லைசென்சும் பறிபோகும்.

காசைக் கட்ட முதல் மரினாவில் (படகுத்துறையில்) இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ. கார்ட் இல்லாதவர்களுக்கு அங்கேயே பாதுகாப்பு விளக்கம் சொல்லி, படிவம் நிரப்பித் தருவினம். அன்றைக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.