மலாய் உணவுப் பெயர்கள்: நாங்கள் கற்றுக்கொண்ட விதம்

கோலாலம்பூரிலிருந்து:

வேலை நிமித்தம் இங்கு குடிவந்த புதிதில், உணவுப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, அவை எவ்வாறு அமைகின்றன என்பதைக் கவனித்ததே எனக்குக் கைகொடுத்தது. தமிழில் 'சுட்ட மீன்', 'அவித்த முட்டை' என்று செய்முறையை முதலில் சொல்கிறோம். மலாயில் பொருள் முன்னும் செய்முறை பின்னும் வரும். நாசி என்றால் சோறு, ஆயாம் கோழி, ஈக்கான் மீன், தெலூர் முட்டை. கோரேங் எண்ணெயில் பொரித்தது, பாக்கார் தணலில் சுட்டது, ரெபுஸ் நீரில் அவித்தது. இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தாலே ஈக்கான் பாக்கார், ஆயாம் கோரேங், தெலூர் ரெபுஸ் என்று கடைப் பலகைகள் புரியத் தொடங்கிவிடும்.

நெல், அரிசி, சோறு என நாம் பிரிப்பதைப் போலவே அவர்களும் பாடி, பெராஸ், நாசி என்று பிரிப்பதால், அந்த இடத்தில் நமக்குச் சிரமமே இல்லை. ஒட்டும் அரிசிக்கு மட்டும் புலூட் என்று தனிப்பெயர் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு முன்தினம் சாலையோரத்தில் லெமாங் என்னும் மூங்கில் சோற்றைச் சுட்டுக்கொண்டிருந்த மூதாட்டியிடம், மாச்சிக் என்று மரியாதையாக அழைத்து, உள்ளே இருப்பது என்ன என்று கேட்டேன். அவர் கருகிய மூங்கில் ஒன்றைப் பிளந்து, வாழையிலைச் சுருளுக்குள் வெந்திருந்த வெள்ளை உருளையைக் காட்டி, "புலூட், சந்தான்" என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். சந்தான் என்பது தேங்காய்ப்பால். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றின் மணத்துக்கும் பாண்டான் (ரம்பை) இலையோடு அதுவே காரணம்.

பினாங்கிலிருந்து:

சுவைச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மானிஸ் இனிப்பு, மாசின் உப்பு, மாசாம் புளிப்பு, பெடாஸ் காரம். மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் வெறுமனே 'தே' என்று கேட்டால் இனிப்புக் கெட்டிப்பால் கலந்த தேநீர்தான் வரும். பால் வேண்டாதவர் 'தே ஓ' என்றும், சர்க்கரையும் வேண்டாதவர் 'தே ஓ கோசோங்' என்றும், இனிப்பைக் குறைக்க 'கூராங் மானிஸ்' என்றும் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ள உறவினர்கள் ஊரிலிருந்து வந்தால் நான் முதலில் சொல்லித் தருவது இவற்றைத்தான். புத்து மாயாம் என்பது நம் இடியாப்பமே என்றாலும், அதைத் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து இனிப்பாகவே விற்பார்கள்; சொதியோ குழம்போ அதனுடன் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.