மறு: ‘டேட்டா ஃபிடூஷியரி’ – காப்பாளரா, கையடைஞரா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக மடல்களைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘டேட்டா ஃபிடூஷியரி’, அதாவது பிறருடைய விவரத்தை எதற்காக, எப்படி எடுப்பது என்று முடிவு செய்பவர், அவருக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியைப் போட்டவன் நான்தான் என்பதால் இனியும் ஒளிந்திருப்பது நியாயமில்லை. சிலருடைய மடல்களில் இது ஏதோ வங்கிக்கோ செயலிக்கோ வேண்டிய சொல் என்ற நினைப்பில் பேச்சு போகிறது. அப்படி இல்லை, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் சில மீனவக் குடியிருப்புகளில் பிள்ளைகள் மன்றத்துக்குத் தேர்தல் வைக்கிறோம். 12 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நிற்கலாம். சங்கு, நண்டு, பாய்மரம் என்று சின்னமெல்லாம் உண்டு. வேட்புமனுப் படிவம் ஒன்று தயாரித்தோம். தயாரித்தோம் என்ன, ஏதோ ஒரு பழைய நலத்திட்டப் படிவத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினோம். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அலைபேசி எண், ஆதார் எண், சாதி, புகைப்படம் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. நிரப்பி வாங்கிய தாள்களை எங்கள் ஆள் ஒருவர் படம் பிடித்து ஒருங்கிணைப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அரை மணி நேரத்தில் அவை வேறு இரண்டு குழுக்களுக்குப் போய்விட்டன. ஒரு பெண் பிள்ளையின் படமும் வீட்டு அலைபேசி எண்ணும் ஒரே தாளில்.

மன்னிப்புக் கேட்கப் போனோம். அந்தப் பிள்ளையின் அம்மா சண்டை போடவில்லை. “எங்க ஜெராக்ஸு எல்லா எடத்துலயும்தான் கெடக்கு, இது ஒண்ணா பெருசு” என்றார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்தக் கரையில் கடலுக்குப் போக டோக்கன். மீனவர் அடையாள அட்டைக்குக் கைரேகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் நிவாரணத்துக்கு மறுபடி ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தக நகல். எல்லைப் பிரச்சினையில் படகு பிடிபட்டால், பிடிபட்டவர்களின் பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் வீட்டுக்குத் தகவல் வருவதற்கு முன்பே கைபேசிகளில் சுற்றுகின்றன. விவரம் கொடுத்தால் திரும்பி வராது, கேட்கவும் கூடாது என்பது இங்கே பழகிப்போன விஷயம். இப்படிப் பழகிய ஒருவரிடம் நீட்டப் போகும் அறிவிப்பில் வர வேண்டிய சொல் இது.

2023-இன் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவரம் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று ஓர் அறிவிப்பு தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே இது நாம் பொழுதுபோகாமல் செய்யும் வேலை இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. “நாங்கள் தாளில்தானே வாங்குகிறோம், இந்தச் சட்டம் எங்களுக்கு எதற்கு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். தாளில் வாங்கிப் பிறகு எண்ம வடிவுக்கு மாற்றினாலும் சட்டம் பொருந்தும். வாட்ஸ்அப்பில் போட எடுத்த படம் வேறென்ன?

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> ‘தரவுப் பொறுப்பாளர்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரிப் புரியும். தேர்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பொறுப்பாளர்’ என்று எழுதிப் பாருங்கள். தொகுதிப் பொறுப்பாளர், ஒன்றியப் பொறுப்பாளர் என்று கட்சிக்காரர்தான் கண்முன் வந்து நிற்கிறார். நான் ஒரு பையனிடம் கேட்டுப் பார்த்தேன். “எந்தக் கட்சி?” என்றான்.

> ‘தரவுக் காப்பாளர்’ என்று வைக்கலாம்.

இதில் எனக்கு இரண்டு தடை. எங்கள் பிள்ளைகளில் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் பலர். அவர்களுக்குக் காப்பாளர் என்றால் விடுதிக் காப்பாளர், அதாவது இரவு விளக்கை அணைப்பவர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடைதான் பெரிது. காப்பவர் வேறு, தீர்மானிப்பவர் வேறு. எந்த விவரத்தை, எதற்காக, எப்படி எடுப்பது என்று முடிவு செய்பவரைத்தான் சட்டம் ஃபிடூஷியரி என்கிறது. பட்டியலைத் தட்டச்சு செய்து தரும் ஜெராக்ஸ் கடைத் தம்பியும் தாள்களைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அவர் நாங்கள் சொன்ன வேலையைச் செய்பவர். அவருக்குத் ‘தரவுச் செயலாக்குநர்’ என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ஆதார் எண் கேட்டது அவர் இல்லை, நாங்கள். குற்றம் எங்கள் தலையில் விழும்படியான சொல் வேண்டும்.

‘தரவுக் காவலர்’ என்று எழுதியவருக்கு: கடற்கரையில் காவலர் என்றால் காக்கிச் சட்டை. வேண்டாம்.

‘தரவேற்பாளர்’ எனக்கு முதலில் மிகவும் பிடித்தது, வேட்பாளரோடு எதுகை மாதிரியும் இருந்தது. ஆனால் ‘தரவேற்றம்’ என்று பதிவேற்றத்துக்கு எழுதுபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். வேட்பாளரின் படத்தை இணையத்தில் ஏற்றிவிடுபவர் என்று வாசித்துவிடுவார்கள். எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதுவே பெயராகிவிடும்.

மற்றொரு சொல்லையும் போகிற போக்கில் முடித்துவிடலாம். விவரத்துக்குச் சொந்தக்காரரைச் சட்டம் ‘டேட்டா பிரின்சிபல்’ என்கிறது. ‘தரவு முதல்வர்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். தேர்தல் படிவத்தில் இதைப் போட்டால் ஏழாம் வகுப்புப் பையன் அன்றே பதவி ஏற்றுவிடுவான். ‘தரவுக்குரியவர்’ போதும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரையும் அந்த வரையறைக்குள் சட்டம் சேர்க்கிறது. ‘உரியவர்’ ஒருவரையும் குறிக்கும், பிள்ளையும் தாயுமாகச் சேர்ந்து நின்றாலும் இடிக்காது. ஆங்கில மூலம் எல்லாரையும் பெண்பாலில் ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

சரி, கீழக்கரைக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) எழுதியதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

> எங்க ஊர்ல ஒரு சொல் இருக்கு தம்பி. அமானிதம். ஒருத்தர் நம்மள நம்பிக் கொடுத்து வச்ச பொருள். அத எடுத்து நம்ம செலவுக்குப் பயன்படுத்தக் கூடாது, கேட்டா திருப்பிக் கொடுக்கணும். உம்மாமாருக்கு விளக்கமே வேண்டாம்.

ஃபிடூஷியரி என்ற ஆங்கிலச் சொல்லின் வேரிலும் நம்பிக்கைதான் இருக்கிறது. அந்தக் கருத்து முழுதும் இந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. பொருள் என்னிடம் இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. இதைத்தான் மற்ற சொற்கள் எல்லாம் தவறவிட்டன. ‘தரவு அமானிதர்’ என்றே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அரபியிலிருந்து வந்தது என்பது எனக்குத் தடையே இல்லை, அது இந்தக் கரையில் எத்தனையோ தலைமுறையாகத் தமிழாகப் பேசப்படுகிறது. தடை வேறு. தங்கச்சிமடத்தில் நான் கேட்ட ஆறு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கீழக்கரையில் அறிவிப்பை வாசித்துக் காட்டும்போது காக்கா அமானிதம் என்றே சொல்லட்டும், அதை நான் ஊக்கத்தோடு ஆதரிக்கிறேன். கலைச்சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் பொதுவான இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

அமானிதத்துக்கு நேரான பழந்தமிழ்ச் சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். தூத்துக்குடி அக்கா இதைத்தான் முன்மொழிந்திருந்தார், ‘தரவு அடைக்கலர்’ என்று. அக்கா, மண்டபம் அகதிகள் முகாம் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து இறங்கிய கரை இது. இங்கே அடைக்கலம் என்றால் உயிர் தப்பி வந்தவர்கள் தேடுவது. அடைக்கலர் என்றால் வந்தவரா, வைத்துக்கொண்டவரா என்பதும் தெளிவாக இல்லை. சொல் அழகுதான், ஆனால் இங்கே அதன் மேல் ஏற்கெனவே நிறையப் பாரம் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: கையடை. ஒருவர் கையில் ஒப்படைத்த பொருள். கம்பராமாயணத்தில் விசுவாமித்திரர் வந்து இராமனைக் கேட்டு அழைத்துச் செல்லும் பகுதி கையடைப் படலம். பிள்ளையைக் கேட்கிறார் முனிவர், தகப்பன் தயங்குகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிச் சம்மதிக்க வைக்கிறார்கள். நம் சட்டம் கேட்கும் ‘சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல்’ இதுதானா என்று யாராவது வழக்குப் போட்டால் தசரதன் பக்கம் வாதாட இடம் உண்டு. விளையாட்டு இருக்கட்டும், இளையவர் ஒருவரை நம்பி ஒப்படைத்ததற்கு வைத்த சொல் நம் விஷயத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கையடையை ஆள்பவர் கையடைஞர். கலை, கலைஞர், வினை, வினைஞர் போல. இந்த ஈறு பொருளைக் கையாள்பவரைக் காட்டுவதால், அடைக்கலர் என்பதில் வந்த குழப்பம் இதில் இல்லை. ‘கையடையாளர்’ என்று எழுத வேண்டாம். கை அடையாளம், அதாவது பெருவிரல் ரேகை என்று படித்துவிடுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். “கைய அடைச்சுட்டாங்களா, யாரு?” என்றார். அதனால் அறிவிப்பில் சொல்லைத் தனியாக விடப்போவதில்லை. ‘உங்கள் பிள்ளையின் விவரத்தை நம்பிக் கையில் வாங்கி வைத்திருப்பவர்’ என்ற வரி கூடவே வரும். அதைக் கேட்டதும் பாட்டி, “அப்ப தேர்தல் முடிஞ்சதும் திருப்பித் தரணும்ல?” என்றார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

லண்டன் நண்பர் ஒருவர் தனிமடலில், பிரிட்டனில் ‘கன்ட்ரோலர்’ என்றே சொல்கிறார்களே, ‘கட்டுப்படுத்துநர்’ போதாதா என்று கேட்டார். அங்கே அந்தச் சொல்லோடு வேறு ஏற்பாடுகளும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 12 வயது நிரம்பிய பிள்ளை தன் தரவு உரிமையைத் தானே பயன்படுத்தும் அளவு விவரம் தெரிந்தவர் என்றே அங்குள்ள 2018-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இங்கே 17 வயதுப் பெண்ணுக்கும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இன்னொரு வேறுபாடு: அங்கே இனம், மதம், உடல்நலம் போன்றவை தனிக் கவனம் கோரும் வகை. நம் 2023 சட்டத்தில் அப்படித் தனி வகை இல்லை, சாதியும் கைபேசி எண்ணும் ஒரே தட்டில். சட்டம் பிரிக்காததை நாமாவது படிவத்தில் பிரிக்க வேண்டும்.

> வேட்பாளர் என்று வந்துவிட்டால் பொதுவாழ்க்கைதானே, அப்புறம் என்ன அந்தரங்கம்?

பெரியவர்களுக்கு ஓரளவு சரி. சட்டமன்றத்துக்கு நிற்பவர் படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் உறுதிமொழியாகத் தருகிறார். வாக்காளருக்கு அதை அறியும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது. அவர்களுக்கு வயது 25-க்குக் குறையக் கூடாது. நண்டுச் சின்னத்தில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை நாளை யாருடைய வரிப்பணத்தையும் கையாளப் போவதில்லை. தோற்றால், தோற்றவள் என்ற பெயரோடு அவள் படம் ஏன் பத்து வருடம் ஒரு கைபேசியில் கிடக்க வேண்டும்?

‘கையடைஞர்: பிள்ளைகள் மன்றத் தேர்தல் குழு’ என்று படிவத்தின் தலையில் எழுதிவிட்டுக் கீழே பார்த்தபோது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இதை நம்பி வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போனோம். ஆதார் போயிற்று. சாதி போயிற்று. வயது தெரிந்தால் போதும் என்பதால் பிறந்த தேதி போயிற்று. சின்னம் இருப்பதால் புகைப்படமும் போயிற்று. மிஞ்சியது பெயர், வயது, வகுப்பு, தெரு, பெற்றோர் கையெழுத்து, தகவல் சொல்ல ஓர் எண். முடிவு அறிவித்த முப்பதாம் நாள் தோற்றவர்களின் தாள்களை அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுப்போம், எங்கள் கைபேசிகளில் உள்ள படங்களை அவர்கள் முன்னாலேயே அழிப்போம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். வென்றவர்களுடையது பதவிக்காலம் முடியும் வரை இருக்கும்.

வேறு குழுக்களுக்குப் போன பழைய படங்களில் பாதியைத்தான் அழிக்க வைக்க முடிந்தது. மீதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை படிவம் அச்சுக்குப் போகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் ‘கையடைஞர்’ சரியா, ‘கையடையர்’ சரியா என்பதை மட்டும் ஞாயிறு இரவுக்குள் சொல்லிவிடுங்கள். ‘தரவு’ சேரும்போது க் மிகும் என்று வைத்துத் ‘தரவுக் கையடைஞர்’ என்று எழுதியிருக்கிறேன், அதையும் பாருங்கள். காக்கா, அமானிதம் வரும் வாசிப்புப் பிரதியை நீங்களே எழுதி அனுப்பினால் நல்லது. நான் எழுதினால் உம்மாமார் சிரிப்பார்கள்.