ஏசி சேர்விஸ் பொடியன்மாருக்கு போன் வழிப் பயிற்சி. மூத்த மெக்கானிக்கின் அனுபவத்தைப் பதிந்து வைப்பது எப்படி?

உப்புவெளி_கூலிங்:
திருகோணமலையில் சின்ன ஏசி சேர்விஸ் கடை. இரண்டு மெக்கானிக், நான்கு பொடியன்மார். நால்வரும் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) படிக்கிறவர்கள். வேலை கூடுதலாக உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில். மூத்தவர் அடுத்த வருடம் கட்டார் போகிறார். அவருக்குத் தெரிந்தது ஒன்றும் எழுத்தில் இல்லை, எல்லாம் தலைக்குள்தான். வாட்ஸ்அப் குரூப்பில் யூடியூப் வீடியோ போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பார்க்கிறார்கள், ஆனால் வேலைக்குப் போனால் கை ஓடுவதில்லை. ரீலோட் காசும் பிரச்சினை. மூடில் மாதிரி இணையவழிப் பாடம் நடத்தும் மென்பொருள் ஏதாவது போட வேண்டுமா? மூத்தவரின் அனுபவத்தை எப்படிப் பதிவது?

பட்டறை_வாத்தி:
வீடியோ பார்த்தால் விளங்கின மாதிரி இருக்கும், கைக்கு வராது. போனில் கற்பிக்க வேண்டியது கைப்பழக்கத்தை அல்ல. எது சரி, எது பிழை என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும் கண்ணைத்தான் போன் வழியாகப் பழக்கலாம். குழாயில் பிளேர் அடிப்பதை, அதாவது நட் பூட்டுவதற்காகக் குழாய் வாயைப் புனல் மாதிரி விரிப்பதை எடுங்கள். ஐந்து துண்டுக் குழாய் வெட்டுங்கள். ஒன்று சரியான பிளேர், ஒன்று பிசிர் எடுக்காதது, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தது, ஒன்று அளவுக்கு மிஞ்சி விரிந்தது, ஒன்று ஓரம் வெடித்தது. வெளிச்சத்தில் கிட்ட வைத்துப் படம் எடுத்து, "இதில் எதைப் பூட்டுவாய், மற்றதை ஏன் வெட்டி எறிவாய்?" என்று அனுப்புங்கள். பதிலைத் தனித்தனியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குரூப்பில் கேட்டால் ஒருவன் சொன்னதை மற்ற மூவரும் கொப்பி அடிப்பார்கள்.

அதே கேள்வியைப் படம் மாற்றி இரண்டு நாள் கழித்து, பிறகு ஒரு கிழமையில், பிறகு மூன்று கிழமையில் கேளுங்கள். ஒரே நாளில் நாலு தரம் பார்ப்பதை விட இடைவெளி விட்டு நினைவுபடுத்துவதுதான் தங்கும். இது 1885-இல் உளவியலாளர் எபிங்ஹவுஸ் நினைவாற்றலை ஆராய்ந்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்தெடுக்கும் வக்யூமுக்கும் இதே முறைதான். உள் அமுக்கத்தை 500 மைக்ரோனுக்கு (வக்யூம் மீற்றரின் அலகு) இறக்கி, வால்வை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் மீற்றரைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். இரண்டையும் மீற்றர் படங்களாகக் கொடுத்து, எது எது என்று கேளுங்கள்.

நட் இறுக்கும் பதம் மட்டும் போனில் வராது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் வாங்குங்கள். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், 3/8 அங்குலத்துக்கு 34 முதல் 42. யூனிட்டின் மனுவலில் வேறு எண் இருந்தால் அதைத்தான் பிடிக்க வேண்டும். கூட இறுக்கினால் பிளேர் நசிந்து வெடிக்கும், பிறகு ஆறு மாதத்தில் கேஸ் குறைகிறது என்று அதே அறைக்குத் திரும்பப் போக வேண்டி வரும்.

வீடியோ நீங்களே எடுங்கள். ஒரு வீடியோவில் ஒரு செயல் மட்டும், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 480பி-யில் எடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும். காலையில் கடை வைபையில் இறக்கிவிட்டுப் போனால் ரீலோட் செலவே இல்லை. கதைப்பதைக் குறைத்துக் கையைக் காட்டுங்கள், எழுத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். நாளைக்குச் சிங்களப் பொடியன் ஒருவன் சேர்ந்தாலும் அதே வீடியோ காணும்.

காலம் முக்கியம். கிழக்குக் கரையில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஹோட்டல்கள் நிரம்பும், பொடியன்மார் ஓடித் திரிவார்கள். படிப்பை நவம்பர், டிசம்பர், ஜனவரி மழைக்கு வையுங்கள், சீசனில் கேள்வி மட்டும் போகட்டும்.

கோப்பு_காரன்:
அறிவைச் சேமிக்கிற பக்கத்துக்கு வருகிறேன். "உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கோ" என்று கேட்டால் மூத்தவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார், ஏனென்றால் அவருக்கு எல்லாம் சாதாரணம். 1966-இல் தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி சொன்னதும் 1995-இல் முகாமைத்துவ ஆய்வாளர்கள் நொனாகா, டாகெயுச்சி விரித்து எழுதியதும் இதைத்தான். கைக்குள் கிடக்கும் அறிவு, வேலையோடு ஒட்டிக் கேட்டால்தான் வாய்க்கு வரும்.

ஆகவே ஒரு பழுதை முடித்த அன்றே, வேனிலேயே, நாலு கேள்வி கேளுங்கள். முதலில் எதைப் பார்த்தீர்கள்? அதிலிருந்து எதை ஒதுக்கினீர்கள்? புதுப் பொடியன் இந்த இடத்தில் எங்கே தவறுவான்? எந்த அளவு வந்தால் வேலையை நிறுத்துவீர்கள்? பொடியன் ஒருவன் கேட்டு, போனில் பதிந்து, அன்றிரவே எழுத வேண்டும். எழுதுவதே அவனுக்குப் பாடம்.

குரல் பதிவை அப்படியே விடாதீர்கள். இருநூறு வாய்ஸ் கிளிப்பில் எதையும் தேட முடியாது. பழுதுக்கு ஒரு அட்டை, அதாவது ஒரு சின்னக் கோப்பு எழுதுங்கள். அதில் அறிகுறி, எடுத்த அளவுகள், முதலில் நினைத்தது, உண்மையில் இருந்தது, செய்த வேலை, இவ்வளவும் போதும். "முதலில் நினைத்தது" என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், ஆனால் அடுத்தவனுக்கு உதவுவது அதுதான். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பிராண்ட், மாடல், பிழைக் குறியீடு, திகதி என்ற ஒழுங்கை மாற்றக் கூடாது. "புது டொக்யுமென்ட் 7" என்று விட்டால் அது செத்த கோப்பு.

அட்டைக்குப் போகும் கியூஆர் ஸ்டிக்கரை வெளி யூனிட்டில் ஒட்டாதீர்கள். கடற்காற்றில் யூனிட்டின் மெல்லிய உலோகத் தகடே (fin) உக்கிப் போகிற இடத்தில் ஸ்டிக்கர் எந்த மூலைக்கு? உள் யூனிட்டின் முன் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெயில் படாத இடம் இருக்கும், அங்கே ஒட்டுங்கள்.

மூதூர்_டெக்:
ஆறு பேருக்கு மூடில் தேவையில்லை. சேர்வர், அப்டேட், பாஸ்வேர்ட் மறந்தவன் என்று அதற்கே ஒரு ஆள் வேண்டும். கூகிள் டிரைவில் ஒரு கோப்புறை, ஒரு ஷீட், கேள்விக்கு கூகிள் ஃபோம், அவ்வளவும் காணும். பயிற்சி நிலையம் நடத்துகிறவர் என்றால் மூடில் நல்லது. அதன் மொபைல் செயலியில் பாடத்தை இறக்கி நெட் இல்லாமல் பார்க்கலாம், ஆசிரியர் அமைப்பில் அனுமதித்தால் வினாவிடையையும் ஒஃப்லைனில் செய்யலாம்.

டிரைவ் கணக்கு கடை பேரில் இருக்கட்டும், மூத்தவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். ஆள் போனால் கணக்கும் கூடவே போய்விடும்.

உப்புவெளி_கூலிங்:
பெரிய உதவி. ஒரு சிக்கல் மட்டும். எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தால் தன் மதிப்புக் குறையும் என்று மூத்தவர் நினைக்கிறார். வெளியே சொல்லமாட்டார், ஆனால் கேட்டால் "பழகினா வரும் தம்பி" என்று சிரித்து விட்டுப் போய்விடுவார்.

கோப்பு_காரன்:
அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இலவசமாகக் கேட்காதீர்கள். அட்டைக்கு இவ்வளவு என்று சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள், அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள். அவரிடம் என்.வி.கியூ சான்றிதழ் இல்லையென்றால், முன் கற்றலை அங்கீகரிக்கும் வழியில் அனுபவத்தை வைத்தே மதிப்பீட்டுக்குப் போகலாம். படத்தோடும் திகதியோடும் உள்ள வேலை அட்டைகள் அங்கே காட்டச் சான்றாகும், கட்டாருக்கும் அந்தச் சான்றிதழ் உதவும். முதலில் அவருக்கு ஆகக் கூடுதலாகத் தொல்லை கொடுக்கிற பழுது எது என்று கேட்டு அதிலிருந்து தொடங்குங்கள். இரவில் அந்தப் பழுதுக்காகப் போன் கோல் வராமல் போக வேண்டும் என்று அவரும் விரும்புவார்.

பட்டறை_வாத்தி:
கேஸ் விஷயம் முதல் அட்டையாகட்டும். ஏசிக்குள் ஓடும் குளிரூட்டிக் கேஸில் ஆர்-410ஏ கலவை கேஸ். சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும், ஆவியாக ஏற்றினால் கலவை விகிதம் மாறும். ஆர்-32 தனிக் கேஸ், அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் மெதுவாகத் தீப்பற்றும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதைத் திறந்து விடக் கூடாது. நாலு பொடியன்மாரும் இதைப் பார்க்காமல் சொல்லும் வரை சிலிண்டரைத் தொட விடாதீர்கள்.