அப்பா செஞ்ச மர ரேஸ் கார் உடைஞ்சு போச்சு, அவசரத்துல ஃபெவிக்விக் வேற ஊத்திட்டேன்

அயனாவரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஃபவுண்டரில பேட்டர்ன் மேக்கரா இருந்தார். வார்ப்புக்கு மரத்துல அச்சு செஞ்சு குடுக்கற வேலை. 1978ல சோழவரம் ரேஸ் பாத்துட்டு வந்து, கண்ணுல நின்னதை வச்சே ஒரு ஒத்தை சீட்டு கார் செஞ்சார். நீளம் முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. பாடி தேக்கு. சக்கரம் நாலும் ரோஸ்வுட், லேத்ல கடைஞ்சது. டயருக்குக் கருப்பு பெயிண்ட் அடிக்கவே இல்ல, அந்த மரத்தோட நிறமே போதும்னுட்டார். ஆக்ஸிலுக்கு சைக்கிள் ஸ்போக். மூக்குல சிவப்பு அடிச்சு, 7னு நம்பர் கையால எழுதியிருப்பார்.

போன வாரம் மேடவாக்கத்துக்கு வீடு மாத்தினோம். மடியில வச்சே கொண்டு வந்திருக்கணும். புடவைக்கு நடுவுல சுத்தி பெட்டில வச்சு, "இது மேல எதையும் வைக்காதீங்க"ன்னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டினேன். வந்து இறங்கினப்போ அது மேல மிக்ஸியும் இட்லிப் பானையும் உக்காந்திருந்துச்சு. ஏத்தின பசங்களைக் கேட்டா, "மேடம், பொம்மைதானே உள்ள"ங்கறாங்க.

இடது முன்சக்கரத்தைத் தாங்கற மெல்லிசான கை, பாடியோட சேர்ற இடத்துல முறிஞ்சிருக்கு. மூக்குல நகம் அளவுக்கு ஒரு அமுங்கல். பக்கவாட்டுல பட்டாணி சைஸ்ல ஒரு கண்ணாடி இருக்கும், அதைக் காணவே காணோம்.

அம்மாவுக்கு 76 வயசு, கேட்ராக்ட் ஆபரேஷன் ஆகி மூணு வாரம். அவங்க பாக்கறதுக்குள்ள ஒட்டிடலாம்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபெவிக்விக் ஊத்தினேன். சக்கரம் உள்பக்கமா சாஞ்சபடியே பிடிச்சுக்கிச்சு, சுத்தி வெள்ளையா பூத்துடுச்சு. இப்போ கார் பீரோவுக்குள்ள இருக்கு. இதை எப்படி சரி பண்றது? அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? அப்பா போனப்போ கூட நான் இப்படி அழல. ஒரு சக்கரத்தைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்கேன்.

ரெண்டாம்தளம்:

அரால்டைட் போட்டு ஒட்டிட்டு வேலையைப் பாருங்க. ஷோகேஸ்ல எட்டி நின்னு பாக்கற சாமானுக்கு இவ்வளவு விசாரம் எதுக்கு?

மரத்தூள்:

அக்கா, அரால்டைட் இப்போ வேண்டாம். ஒருதடவை போட்டுட்டா அடுத்த தடவை பிரிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். நான் கொளத்தூர்ல வீட்டு பால்கனியிலயே மரவேலை பாக்கறவன். ஃபெவிக்விக் ஊத்தி நாசமாக்கினது எங்கிட்டயே நாலஞ்சு இருக்கு, வெக்கப்படாதீங்க.

முதல்ல அந்த ஃபெவிக்விக்கை எடுக்கணும். நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டில்ல அசிட்டோன்னு போட்டிருக்கான்னு பாருங்க. காது குடையற பட்ஸ்ல தொட்டு, முறிவு மேல மட்டும் வைங்க. வச்சு, காத்திருந்து, திரும்ப வைக்கணும். அரை மணி நேரமாவது ஆகும், இழுத்துப் பிரிக்காதீங்க. சிவப்பு பெயிண்ட் மேல ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த 7 கரைஞ்சு போயிடும், அதனால மூக்கு மேல பிளாஸ்டிக் கவர் சுத்திக்கங்க. பிரிஞ்சதும் மிச்சப் பசையை பிளேடால சுரண்டுங்க. உப்புத்தாள் தேய்க்கவே கூடாது. முறிஞ்ச நார் ரெண்டும் பல்லுக்குப் பல்லு உக்காரணும், தேய்ச்சா அது போயிடும்.

அடுத்தது, வெறும் பசையை நம்பாதீங்க. மரத்தோட குறுக்கு வெட்டுல பசை சரியா நிக்காது, உள்ள ஒரு ஆணி வேணும். இரும்பு வேண்டாம், மூங்கில் போதும். சாமி ரூம்ல எரிஞ்சு மிஞ்சின ஊதுபத்திக் குச்சி இருக்கும்ல, அதுதான் சரியான தடிமன். ரிச்சி ஸ்ட்ரீட்ல சர்க்யூட் போர்டுக்கு ஓட்டை போடற சின்ன டிரில் பிட்டும் கையால திருகற பிடியும் வாங்கிக்கங்க. மெஷின் வச்சு ஓட்டை போட்டா காரோட அந்த மெல்லிசான மரக் கை பிளந்துடும்.

தேக்குல எண்ணெய் இருக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி முறிஞ்ச இடத்தை மட்டும் இன்னொரு தடவை அசிட்டோன்ல தொட்டுத் துடைங்க. அப்புறம் சாதா வெள்ளை ஃபெவிகால், சைக்கிள் ட்யூபைப் பட்டையா வெட்டி இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுக்க விடணும். மெட்ராஸ் ஈரத்துக்கு நான் ரெண்டு நாள் விடுவேன்.

அம்மா விஷயம் நீங்களே பாத்துக்கங்க, எனக்கு அதுல அனுபவம் பத்தாது.

பழைய பேட்டர்ன் ஷாப்:

அம்மாடி, நானும் பேட்டர்ன் ஷாப்ல 31 வருஷம் நின்னவன். தம்பி சொன்னது சரி. ரெண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கறேன்.

காரைத் திருப்பி, கை பாடியில சேர்ற உள்மூலையை விரலால தடவிப் பாரு. கூர்மையா இல்லாம வழுவழுன்னு உருண்டிருந்தா அது மெழுகு. வார்ப்புல உள்மூலை கூரா இருந்தா அங்கதான் வெடிப்பு விடும், அதனால அச்சுல மெழுகோ தோலோ வச்சு உருட்டிடுவோம். பழக்கதோஷத்துல உங்கப்பா கார்லயும் செஞ்சிருப்பார். மெழுகு மேல பசை பிடிக்காது, சுத்தமா சுரண்டிட்டு ஒட்டு. இன்னொண்ணு, அமுங்கின இடத்துல ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வச்சா மரம் எழும்பும்னு யாராவது சொல்லுவாங்க. வெறும் மரத்துக்கு அது நிஜம்தான். பெயிண்ட் அடிச்ச மூக்குல வச்சா கொப்புளம் போட்டுடும். அதை விட்டுடு.

அவர் பெட்டியில ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், அதுல அளந்து பாரு. வார்ப்பிரும்பு ஆறினா அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், சுருங்கும். அதுக்காக எங்க ஸ்கேல்லயே ஒரு அடின்னா நிஜத்துல ஒரு அடி ஒரு நூல். ஒரு ஸ்கேல்ல அளந்து இன்னொரு ஸ்கேல்ல புதுசா கை செஞ்சா ஒத்து வராது.

சோழவரம்னதும் பழசெல்லாம் கிளம்பிடுச்சு. இரண்டாம் உலகப் போர்ல போட்ட விமான ஓடுபாதை அது. ஃபார்முலா மாருதிங்கற ஒத்தை சீட்டு ரேஸ் கார் எல்லாம் வர்றதுக்கு முந்தின காலம். ஃபியட் கார் இஞ்சினையும் ஹெரால்ட் கார் இஞ்சினையும் கழட்டி, அவங்கவங்க ஷெட்லயே கட்டின வண்டி நிறைய ஓடும். செங்குன்றம் தாண்டும்போதே சத்தம் கேக்க ஆரம்பிச்சுடும். உங்கப்பாவும் நானும் ஒரே வெயில்ல நின்னிருப்போம்.

அயனாவரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டாம்தளத்துக்கும்தான், கோவத்துலதான் எழுந்து வேலையை ஆரம்பிச்சேன்.

ஐயா, மெழுகு இருந்துச்சு. கரும்பழுப்பா, நகத்தால கீறினா சுருண்டு வருது. ஸ்கேலும் கிடைச்சுது. என் பையனோட ஸ்கேல்ல கார் பதினாறு இன்ச்சுக்கு மேல ஒரு நூலும் இன்னும் கொஞ்சமும் வந்துச்சு. அப்பா ஸ்கேல்ல அளந்தா மயிரிழை பிசகாம பதினாறு. அவ்வளவு நாள் அந்த ஸ்கேலை வச்சுதான் நான் நோட்டுல மார்ஜின் போட்டிருக்கேன்.

அசிட்டோனுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நாத்தம் ஹாலுக்குப் போய், அம்மா எழுந்து வந்துட்டாங்க. மறைக்க நேரமில்ல. டேபிள்ல கார் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

அம்மா ஒண்ணும் கேக்கல. உள்ள போய் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துட்டு வந்து திறந்தாங்க. துணிக்கு அடியில அந்தப் பட்டாணிக் கண்ணாடி. புடவை உதறும்போதே விழுந்துச்சாம். "ரெண்டு நாளா சோபாவுக்கு அடியில டார்ச் அடிச்சுத் தேடறியே, என்னைக் கேட்டா குடுத்திருப்பேன்ல"ன்னாங்க. அப்புறம், இதுக்காக உங்கப்பா அந்த வருஷம் ஞாயித்துக்கிழமை ஒண்ணுல கூட மார்க்கெட்டுக்குப் போகலன்னு ஆரம்பிச்சு, காபி ஆறிப்போற வரைக்கும் திட்டினாங்க.

குச்சி இறங்கிடுச்சு, சக்கரம் நேரா நிக்குது. ட்யூப் கட்டி வச்சிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அம்மா பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருக்காங்க. அந்தக் குட்டிக் கண்ணாடிய மட்டும் என்கிட்ட தர மாட்டேங்கறாங்க, தானே ஒட்டுவாங்களாம்.