அனிமே பாணி அசைவு: நொடிக்கு எத்தனை படம் வரையணும்?

கேள்வி:
ஜப்பானிய டிவி அனிமே பாணியில் 12 நொடி ஷாட் ஒன்று வரைகிறேன். ஒரு பெண் நடந்து வருகிறாள், நின்று பேசுகிறாள், சட்டென்று ஒரு குத்து விடுகிறாள். நொடிக்கு 24 பிரேம், மொத்தம் 288. அத்தனைக்கும் தனித்தனிப் படம் போட்டால் அசைவு வழவழவென்று இருக்கிறது, அனிமேயின் வெட்டு (போஸிலிருந்து போஸுக்குச் சட்டென்று தாவும் கூர்மை) வரவில்லை. எங்கே குறைப்பது?

பதில் 1:
மூன்று பிரேமுக்கு ஒரு படம் என்று தொடங்குங்கள். நொடிக்கு 8, ஆக 96 படம். 1963 ஜனவரியில் மங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் ஸ்டுடியோவான முஷி புரொடக்‌ஷன் 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் அரை மணி நேரத்துக்குக் கொடுக்க வேண்டி வந்தபோது கைக்கொண்ட வழி இதுதான். அசையாத படத்தின் மேல் கேமராவை நகர்த்துவது, வரைந்த செல்களை (படம் தீட்டிய ஒளிபுகும் தாள்களை) பத்திரப்படுத்தி வேறு காட்சிக்கு எடுத்துப் போடுவது என்று இன்னும் பல சிக்கனங்களும் அதில் உண்டு.

பேச்சில் இன்னும் குறையும். முகம் ஒரே படம். வாய் மட்டும் தனி லேயர். மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது, மூன்றே வாய். ஒவ்வொன்றும் 3 பிரேம். ஒரே வரிசையில் சுழற்றிக்கொண்டே இருந்தால் அசைபோடுவது போலத் தெரியும், வரிசையைக் கலைத்துப் போடுங்கள். ஜப்பானில் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் குரல் கொடுக்கிறார்கள், அதனால் உதடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டியதில்லை. குரலை முதலில் பதிந்துவிட்டு வாயை வரைந்த 'அகிரா' (1988) திரைப்படம் இதற்கு விதிவிலக்கு.

பதில் 2:
எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் வெட்டு வந்துவிடாது. எல்லாப் படத்தையும் சம இடைவெளியில், மும்மூன்று பிரேமாக அடுக்கினால் அசைவு திக்கும். குத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: கையைப் பின்னால் இழுத்த போஸ், 9 பிரேம் நிறுத்தம். நடுவில் ஒரே படம், கை நீளமாக இழுபட்டுக் கோடாகத் தெரிவது, 1 பிரேம் மட்டும். பிறகு இலக்கைச் சற்றே தாண்டிய கை, 2 பிரேம். தாண்டியதிலிருந்து திரும்பி அமர இரண்டு படம், 3 பிரேம் வீதம். 5 படத்தில் 18 பிரேம் முடிந்தது. வேகம் தெரிவதே அந்த 9 பிரேம் நிறுத்தத்தால்தான், அதில் கை வைக்காதீர்கள். ஜப்பானிய அனிமேட்டர் யோஷினோரி கானடா வரைந்த சண்டைகளை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் இந்த ஒன்று, இரண்டு, மூன்று கலப்பு எவ்வளவு துணிச்சலானது என்று புரியும்.

கேட்டவர்:
குத்து சரியாகிவிட்டது, நன்றி! நடையில்தான் சிக்கல். பின்னணி நகரும்போது பாதம் தரையில் வழுக்குகிறது.

பதில் 3:
பின்னணி ஒவ்வொரு பிரேமும் நகருது, கால் மூணு பிரேமுக்கு ஒரு தடவைதான் மாறுது. வழுக்காம என்ன செய்யும்? ஷாட்டை மார்பளவுக்குக் கொண்டுவந்துட்டா பிரச்சினையே இல்லை. தலையும் தோளும் ஏறி இறங்கினா போதும், டிவி அனிமேயில் அடிக்கடி பார்க்கிற உத்தி. பாதம் தெரிஞ்சே ஆகணும்னா பின்னணியையும் மூணு பிரேமுக்கு ஒரு தடவை நகர்த்துங்க.

முப்பரிமாணத்திலும் இதே கதைதான். 'கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி' (2014) விளையாட்டில் போஸ்களுக்கு நடுவே கணினி நிரப்புற அசைவை எடுத்துட்டாங்க. அதனாலதான் கையால வரைஞ்ச மாதிரி இருக்கு. பிளெண்டர்ங்கிற முப்பரிமாண மென்பொருள்ல, அசைவைப் படிப்படியா வெட்டுற ஸ்டெப்டு இன்டர்போலேஷன் மாடிஃபையரில் அளவு 3 வைங்க. ஆனா உடலோட போஸுக்கு மட்டும்! கேமரா கூடவே ஓடுற ஷாட்ல ஆள் இடம் மாறுறதையும் அப்படி வெட்டினா உருவம் நடுங்கும்.

டிவியில் போட்டுப் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை (பிரேம்களுக்கு நடுவே டிவியே புதுப் பிரேம் சேர்க்கிற வசதியை) அணைச்சிடுங்க, இல்லைன்னா அந்த 1 பிரேம் படத்தைக் குழப்பிடும்.